களை எடுக்கிற பாட்டுக்கு டிராக் எங்கே போவேன்?

பேங்க்ல வேலைன்னு தெரிஞ்சா போதும், எந்த ஊருக்கு மாத்தல் ஆனாலும் தமிழ்ச் சங்கத்துப் பொருளாளர் பதவியைத் தூக்கி என் தலையில வச்சுடுவாங்க. பி.காம். படிச்ச பாவம். கொச்சிக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, இங்கயும் அதே கதைதான்.

பொங்கல் விழாவுக்குக் கமிட்டி மீட்டிங். ஒலி ஒளி அமைப்பு அறுபதாயிரம், ஆர்கெஸ்ட்ரா எண்பத்தஞ்சாயிரம், மண்டப வாடகை தனி. எல்லாம் 'பண்பாட்டு வளர்ச்சி' என்ற தலைப்புல. நான் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். எங்கம்மா என்கூடத்தான் இருக்காங்க, வயசு எழுபத்தி நாலு. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசக்காட்டுல பருத்தி எடுத்து, களை எடுத்து எங்களைப் படிக்க வச்சவங்க. காட்டு வேலைப் பாட்டும் கும்மிப் பாட்டுமா முப்பது நாப்பது தெரியும். அஞ்சு நிமிஷம் பாடட்டுமேன்னேன்.

நிகழ்ச்சி ஒருங்கிணைக்கிற நண்பர் அன்பாத்தான் சொன்னார். "தாராளமா சார். அம்மாவை டிராக் மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

களை எடுக்கிற பாட்டுக்கு டிராக்!

சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். ராத்திரி பூரா தூக்கம் வரல. அந்த நண்பர் மேல கோபம் இல்லை. அவர் ஒரு மேடையை நடத்தறார், மேடைக்கு டிராக் வேணும். என் கேள்வி வேற. இத்தனை ஊர்ல இத்தனை சங்கம் வச்சிருக்கோமே, மஸ்கட்ல, சிங்கப்பூர்ல, நியூ ஜெர்சியில, இங்க கொச்சியில.. ஒரு சாதாரண மனுஷன் மைக் இல்லாம, டிராக் இல்லாம, ஜட்ஜ் இல்லாம வாயைத் திறந்து பாட நம்மகிட்ட ஓர் அறை இருக்கா?

என் கிளை மட்டாஞ்சேரியில. டச்சு அரண்மனையிலேர்ந்து நடந்து போற தூரம். வந்த புதுசுல ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மிளகு வியாபாரி ஒருத்தர், எங்க கஸ்டமர், "சாரே, வா"ன்னு ஒரு பழைய கட்டடத்து மாடிக்குக் கூட்டிட்டுப் போனார். மரப்படி, ஒரு ஆள் ஏறினா மொத்தமும் ஆடும். கீழே கிடங்கு. சுக்கு வாசனையும் சாக்கு வாசனையும் மேல வரைக்கும் வரும். மேல பாய் விரிச்சு ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, இருபது பேர். ஆட்டோ ஓட்டுறவர், ஏலக்காய்க் கடைக் கணக்கப்பிள்ளை, சுமட்டுத் தொழிலாளி ரெண்டு பேர், ரிட்டையர் ஆன ஸ்கூல் வாத்தியார். ஒருத்தர் பாடுவார், மத்தவங்க 'வாஹ்'னு சொல்லுவாங்க, சுருதி தப்பினா ஆர்மோனியக்காரர் தலையை மட்டும் ஆட்டுவார். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் போச்சு. இதைத்தான் மெஹ்ஃபில்னு சொல்றாங்க.

இந்தப் பழக்கம் இங்க வந்ததுக்குக் காரணம் இருக்கு. மட்டாஞ்சேரி ஒரு சின்ன இடம்தான். ஆனா குஜராத்திகள், கட்ச்சி மேமன்கள், கொங்கணிகள், தக்கனி உருது பேசறவங்க, யூதர்கள், நம்ம தமிழாளுங்கன்னு துறைமுகமும் மிளகும் இழுத்துட்டு வந்த சனங்க நெருக்கி அடிச்சு வாழ்ந்த ஊர். அப்படித்தான் இந்துஸ்தானி இசை இங்க வேர் பிடிச்சது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் மெஹபூப். 1926ல பொறந்தவர், கல்யாண வீடுகள்ல பாடிப் பாடியே பேர் வாங்கினவர். 1954ல வந்த 'நீலக்குயில்' படத்துல கே. ராகவன் இசையில பாடினார். நாட்டுப்புற மெட்டை மலையாள சினிமாவுக்குக் கொண்டுவந்த படம் அது. சினிமாவுல பெரிய ஆளா இருந்தும் மெட்ராஸ்ல போய் செட்டில் ஆகாம இந்த ஊர் மெஹ்ஃபில்களையே சுத்தி வந்தார்னு இங்க பெரியவங்க இன்னிக்கும் பெருமையாச் சொல்லுவாங்க. 1981ல போய்ச் சேர்ந்துட்டார். அவரைக் கேட்டு வளர்ந்தவர்தான் 2018ல காலமான கஜல் பாடகர் உம்பாயி. அவரும் மட்டாஞ்சேரிக்காரரே.

கேட்டவங்க யாருன்னு பாருங்க. துறைமுகத்துல 'சாப்பா'ன்னு ஒரு முறை இருந்தது. காலையில கங்காணி உலோக டோக்கனைக் கூட்டத்துல வீசுவான், அடிச்சுப் பிடிச்சு எடுத்தவனுக்கு மட்டும் அன்னிக்கு வேலை. அதை எதிர்த்து நடந்த போராட்டத்துல 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில போலீஸ் துப்பாக்கிச் சூடு. மூணு தொழிலாளிங்க செத்தாங்க. ('துறமுகம்'னு ராஜீவ் ரவி எடுத்த படம் 2023ல வந்தது, பாருங்க.) பகல்ல டோக்கனுக்கு மண்ணுல புரண்ட அதே ஊர்தான் ராத்திரியில ஆர்மோனியத்தைச் சுத்தி உக்காந்தது.

அன்னிக்கு என்னையும் விடல. "சாரே, ஒரு தமிழ்ப் பாட்டு." எனக்குப் பாட வராது. எங்கம்மா பாட்டுல நாலு வரி தெரியும், அதைச் சொன்னேன். பாடினேன்னு சொல்ல முடியாது. தபலாக்காரர் ரெண்டாவது வரியில தாளத்தைப் பிடிச்சுட்டார். யாரும் டிராக் கேக்கல!

இதே மாதிரி ஒண்ணை நான் முன்னாடி பாத்திருக்கேன். லண்டன் கிளையில 2013லேர்ந்து மூணு வருஷம் இருந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பப் மாடியில பாட்டுன்னு கூட வேலை பாத்த வெள்ளைக்காரம்மா கூட்டிட்டுப் போனாங்க. பப்புன்னதும் நான் தயங்கினேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. போய் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிட்டு உக்காந்தேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பிளம்பர் ஒருத்தர் எந்திரிச்சு கண்ணை மூடிக்கிட்டு, வாத்தியமே இல்லாம, கப்பல் கவுந்த பாட்டு ஒண்ணைப் பதினாலு சரணம் பாடினார். பல்லவி வர்றப்பல்லாம் மொத்தக் கூட்டமும் பாடுது. கொண்டாடுறதுக்குக் கொஞ்சம் சத்தம், மத்தபடி கோயில்ல இருக்கிற மாதிரி அமைதி.

அவங்களும் இதைச் சும்மா காப்பாத்தல. இங்கிலாந்துல ரெண்டு பேர் வரைக்கும் தனி அனுமதி இல்லாம பப்புல பாடலாம்னு ஒரு விதி இருந்தது. 2003ல போட்ட புதுச் சட்டம் 2005 நவம்பர்ல அமலுக்கு வந்தப்போ அது போச்சு. பாட்டுக்காரங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 2012ல ஒரு தனிச் சட்டமே கொண்டுவர வச்சாங்க. காலை 8 மணியிலேர்ந்து ராத்திரி 11 வரைக்கும் மைக் இல்லாத பாட்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை. மைக் இல்லாத பாட்டுக்குன்னு நாடாளுமன்றத்துல சட்டம்! ஷெஃபீல்ட் பக்கத்து கிராமங்கள்ல நவம்பர்லேர்ந்து கிறிஸ்மஸ் வரைக்கும் பப்புல கேரல் பாடறாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல சர்ச்சுக்குள்ள ஆர்கன் வந்து, ஊர்ப் பாட்டுக்காரங்களுக்கு இடமில்லாம போச்சு. அவங்க பாட்டைத் தூக்கிட்டு எதிர்த்தாப்புல இருந்த பப்புக்குப் போயிட்டாங்க. சாமி பாட்டு சாராயக்கடையில பொழைச்சது.

இந்த இடத்துல "அப்ப டாஸ்மாக் பார்ல போய்ப் பாடச் சொல்றியா"ன்னு கேக்கப் போறீங்க. தெரியும். :-)

இல்லை. நம்ம ஊர்ல கள்ளுக்கடைன்னு இருந்தப்போ அங்கயும் பாட்டு இருந்ததா பெரியவங்க சொல்வாங்க. தமிழ்நாட்டுல 1987லேர்ந்து கள்ளுக்குத் தடை. 2003 கடைசியிலேர்ந்து சில்லறை மதுக்கடை முழுக்க டாஸ்மாக் கையில. கம்பி வலைக்குப் பின்னால கை நீளும், பாட்டில் வரும், நின்னுக்கிட்டே ஊத்திட்டுப் போகணும். மனுஷன் மனுஷனைப் பாக்கக் கூசுற இடமா ஆக்கி வச்சிருக்கோம், அங்க யார் பாடுவா? கேரளத்துலயும் 2014ல அஞ்சு நட்சத்திர ஓட்டல் தவிர மத்த பாரை மூட முடிவு பண்ணினாங்க, 2017ல மூணு நட்சத்திரம் வரைக்கும் திரும்பத் திறந்தாங்க. வருமானம், சுற்றுலா, சாவு, ஊழல்னு எல்லாம் பேசினாங்க. நாலு பேர் கூடி உக்கார வேற இடம் எதுன்னு யாரும் பேசின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. குடியால அழிஞ்ச வீடுகளை எங்க தெருவுலயே பாத்தவன் நான், குடிக்கு வக்காலத்து வாங்க வரல.

நான் சொல்ல வர்றது கணக்கு. அந்த லண்டன் பப்காரர் மாடி அறையை ஏன் கிட்டத்தட்ட சும்மா குடுத்தார்? செவ்வாய்க்கிழமை யாவாரம் கிடையாது. நாப்பது பேர் வந்து ஆளுக்கு ஒண்ணு வாங்கினா அவருக்கு லாபம். பாட்டுக்கான வாடகையை பீர் கட்டுது, அவ்வளவுதான். மட்டாஞ்சேரியில கிடங்குக்காரர் சும்மா குடுக்கறார், அவருக்கே பாட்டு வேணும். நம்ம ஊர்ல பஜனை மடத்தைக் கோயில் வருமானமோ ஊர்ப் பெரியவர் சொத்தோ தாங்குச்சு. மார்கழி காலையில தெரு பூரா பாடிட்டுப் போனது நமக்குப் புதுசா என்ன? ஆனா அந்த மடத்துக்குள்ள எங்கம்மா போக முடியாது. ஏன்னு நான் விளக்கமாச் சொல்லணுமா? எங்கம்மா பாட்டுக்கு வாடகை கட்டினது பருத்திக்காடு. காட்டு முதலாளிக்கு வேலை சுருக்கா முடியணும், பாட்டு இருந்தா கை ஓடும். அந்தக் காட்டை விட்டு அவங்களை நான்தான் மூணாவது மாடி ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். புலம் பெயர்ந்த நமக்கு அந்த வாடகையைக் கட்ட யாரும் இல்லை. சங்கம்தான் கட்டணும். சங்கம் ஒரு நாள் ஸ்பீக்கருக்குக் கட்டுது.

எங்க எண்பத்தஞ்சாயிரத்தை எடுத்துக்குங்க. டியூஷன் சென்டர் அறை ஒரு சாயங்காலத்துக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய். மாசம் ஒண்ணுன்னா வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். டீயும் சுண்டலும் சேர்த்தாலும் இருபத்தஞ்சைத் தாண்டாது. மீதி அறுபதாயிரத்துக்கு ஆர்கெஸ்ட்ராவே வைங்க, வேண்டாங்கல.

மட்டாஞ்சேரியை அப்படியே காப்பி அடிக்கவும் சொல்லல. அந்த மாடியில நான் போன நாலஞ்சு தடவையும் ஒரு பொம்பளையாளைப் பாக்கல. லண்டன்ல பாதிப்பேர் பெண்கள். நம்ம நாட்டுப்பாட்டுல தாலாட்டு, ஒப்பாரி, நடவு, கும்மின்னு பெரும்பங்கு பொம்பளைங்க சொத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆடுற மரப்படியில எங்கம்மாவை ஏத்த முடியுமா? அதனால சாயங்காலம் நாலு மணி, தரைத்தளம்.

இன்னொண்ணு. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானம் பக்கம் தோபிகானா இருக்கு. துவைக்கிற தொட்டியும் காயப்போடுற கயிறுமா பெரிய இடம், 1976ல கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் குடுத்தது. அங்க இருக்கிறவங்க தமிழ் வண்ணார் குடும்பங்க. டச்சுக்காரன் காலத்துல பட்டாளத்துத் துணி வெளுக்க வந்தவங்கன்னு அவங்களே சொல்றாங்க. அத்தனை தலைமுறையாத் தமிழ் பேசற சனங்க. எங்க சங்கத்து உறுப்பினர் பட்டியல் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அங்கேர்ந்து ஒரு பேர் கூட இல்லை. அழைப்பிதழும் போனதில்லை. நானும்தான் மூணு வருஷமா அனுப்பல.

"நாட்டுப்பாட்டெல்லாம் நா. வானமாமலை 1964லயே புஸ்தகமாப் போட்டுட்டார், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதி ஊர் ஊராப் போய் ரெக்கார்ட் பண்ணிட்டாங்க, யூடியூப்லயே இருக்கே"ன்னு ஒரு நண்பர் சொன்னார். அவங்க பண்ணினது பெரிய காரியம், கை எடுத்துக் கும்பிடறேன். ஆனா பேங்க் லாக்கர்ல நகை இருக்குங்கறதும் கழுத்துல போட்டுக்கறதும் ஒண்ணா? இன்னொருத்தர் சினிமாப் பாட்டை நான் மட்டம் தட்டறேன்னார். அட, மட்டாஞ்சேரி மாடியில பாதி சினிமாப் பாட்டுதான்! பாபுராஜும் முகமது ரஃபியும் இல்லாம மெஹ்ஃபில் ஏது? எந்தப் பாட்டுங்கறது என் சண்டை இல்லை. யார் வாயிலேர்ந்துங்கறதுதான்.

நாலு மாசமா முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு டியூஷன் அறையில கூடறோம். வாடகை என் கைக்காசு. முதல் தடவை பதினொரு பேர், மூணாவது தடவை ஆறு பேர், அதுல ரெண்டு பேர் என் வீட்டு ஆளுங்க. போன தடவை தோபிகானாவுலேர்ந்து ஒரு அண்ணனும் அவர் மகளும் வந்தாங்க. அம்மா பருத்திப் பாட்டு ஒண்ணை ஆரம்பிச்சு, மூணாவது கண்ணியில நின்னுட்டாங்க. மறந்து போச்சு. சாத்தூர்க்காரம்மா ஒருத்தங்க அடுத்த கண்ணியை எடுத்துக் குடுத்தாங்க, ஆனா மெட்டு வேற. "எங்க ஊர்ல அப்படி இழுக்க மாட்டோம் தாயி"ன்னு எங்கம்மா. "நீங்கதான் மதினி தப்பா இழுக்கிறீங்க"ன்னு அவங்க. அரை மணி நேரம் வாக்குவாதம். என் பொண்ணு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தா. அப்பத்தாவுக்கு இவ்வளவு சத்தம் வரும்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

பொங்கல் கணக்கு இப்ப என் மேசையில இருக்கு, பொருளாளர் கையெழுத்துக்காக. 'பண்பாட்டு வளர்ச்சி'ங்கற தலைப்பை அடிச்சுட்டு 'ஒலி ஒளி மற்றும் ஆர்கெஸ்ட்ரா வாடகை'ன்னு போட்டாத்தான் கையெழுத்துன்னு திருப்பி அனுப்பப் போறேன். அந்தத் தலைப்பு அவங்களுக்கு வேணும்னா, அதுக்குக் கீழே பதினெட்டாயிரத்துக்கு ஒரு வரி சேர்க்கட்டும்.