மானிட்டர் சொன்னது பிளாஸ்டிக்குக்கு, கையில் இருந்தது காகிதக் கூழ்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலரும் முதல் மாதத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "எல்லாமே இன்டர்நெட்டில் இருக்கிறது, தேடினால் போதும்" என்பதுதான் அது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் என் அம்மாவின் கொலுவில் இருந்த ஒரு குதிரையின் கால் போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன். நீங்களாவது உஷாராக இருங்கள்.

நான் இருப்பது மேற்குத் தாம்பரம். என் அக்கா மகன் சேலையூரில் இருக்கிறான். கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஆடியே வளர்ந்தவன், சென்ற ஆண்டு திடீரென்று மானிட்டரை விட்டு மேஜைக்கு மாறிவிட்டான். மேஜை மேல் ஆடும் போர் விளையாட்டுக்கான வீரர் பொம்மைகளை வரவழைத்திருந்தான். எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். உயரம் 28 மில்லிமீட்டர், அதாவது சுண்டு விரலில் பாதி. சட்டத்தில் இருந்து கை, கால், தலையை வெட்டி எடுத்து ஒட்டி, வண்ணமும் நாமேதான் பூச வேண்டும்.

இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்து விடாதீர்கள். 1812-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் இப்படி ஒரு போர் விளையாட்டை மன்னருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824-ல் அதற்கு முறையான விதிகளை வெளியிட, ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கே அது பயன்பட்டது. நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில், வீட்டில் ஆடுவதற்கான விதிகளை எழுதினார். 1983-ல் இங்கிலாந்தில் இருந்து 'வார்ஹாமர்' வந்த பிறகு, பொம்மைக்கு வண்ணம் பூசுவதே தனிப் பொழுதுபோக்காக வளர்ந்துவிட்டது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையையும் பலகையில் நிறுத்திச் சதுரங்கம் ஆடிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அவன் வேலை செய்வதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தான். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய்ப் பசை ஏதாவது மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காதாம். பிறகு பிரைமர், அதன் மேல் அடி வண்ணம். நீர்த்த கருநிறத்தை மேலே ஓட விட்டதும், அது மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் போலத் தெரிந்தது. பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் வெளிர் நிறத்தால் மேடுகளை லேசாக உரசினான். கவசம் பளபளத்தது. கடைசியாக வார்னிஷ்.

அதோடு முடியவில்லை. பொம்மை நிற்கும் வட்டத் தட்டில் பெவிகால் தடவி, மணல் தூவி, பழுப்பு அடித்து, அங்கங்கே செயற்கைப் புல் ஒட்டினான். "இதற்குப் பேஸிங் என்று பெயர், மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. "இது நம் கொலு பார்க் தானேடா!" என்றேன். தாம்பாளத்தில் மண் நிரப்பிக் கேழ்வரகும் கடுகும் விதைத்துப் புல்வெளி, பச்சைச் சாயமேற்றிய மரத்தூள், குளத்துக்குக் கண்ணாடி. என் அம்மா ஐம்பது வருடமாகச் செய்த பேஸிங் அது.

உடனே திட்டம் போட்டோம். அந்த ஆண்டுக் கொலுவில் குருக்ஷேத்திரம். நடுவில், 1974-ல் அம்மா மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கிய கீதோபதேசத் தேர். சுற்றிலும் அவனுடைய வில்லும் ஈட்டியும் ஏந்திய வீரர்கள். "தேர் ஒரு சாண், வீரர்கள் அரை விரல். அளவு பொருந்தாதே, மாமா" என்றான். கொலுவில் சாமி பெரிதாக இருப்பதுதான் வழக்கம் என்று சமாளித்தேன்.

குதிரைக்கு நேர்ந்த கதி

தேரின் குதிரைகளில் வண்ணம் உரிந்திருந்தது. மறுபடி பூசி விடலாம் என்று கம்ப்யூட்டரில் தேடினேன். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாமே ஒன்றைத்தான் முதலில் சொல்லின: சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவினேன்.

முதலில் வண்ணம் கரைந்தது. பிறகு அடியில் இருந்த சுண்ணாம்புப் பூச்சு பாலாக வழிந்தது. ஒரு குதிரையின் முன்னங்கால் என் விரலிலேயே பிசுபிசுத்துப் போனது. அக்கா மகன் ஓடி வந்து பார்த்துவிட்டு, "மாமா, அது பிளாஸ்டிக்குக்குச் சொன்னது. இது காகிதக் கூழ்!" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துணியை விரித்து, குதிரையை அதன் மேல் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீடியோவில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. தன் கையில் இருந்த பொருளுக்குச் சரியானதைத்தான் சொன்னார். என் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவன் நான். இதுதான் புதிய கம்ப்யூட்டர்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது. திரையில் வரும் யோசனையைக் கேட்பதற்கு முன், 'இது எந்தப் பொருளுக்கு, எந்த ஊருக்குச் சொன்னது?' என்று கேளுங்கள். பொம்மைக்கு மட்டும் அல்ல, வேறு விண்டோஸ் பதிப்புக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துத் தன் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி மாட்டிக் கொள்பவருக்கும் இதே கதிதான்.

இன்னும் இரண்டு உதாரணம் தருகிறேன். வார்னிஷ் ஸ்பிரேயை வெளியில் வைத்து அடியுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான், புகையைச் சுவாசிக்காமல் இருக்கலாம். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வார்னிஷ் வெண்மையாகப் பூத்துவிடும். நமக்குக் கொலு வருவதே மழைக்காலத்தை ஒட்டி. எனவே வெயில் காயும் நாள் பார்த்து அடிக்க வேண்டும், அல்லது பிரஷ்ஷால் பூச வேண்டும்.

அடுத்தது நிறம். மானிட்டரில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வரும். தட்டில் அதே இரண்டு பெயின்ட்டைக் கலந்து பாருங்கள், சேற்றுப் பழுப்புதான் வரும். மானிட்டர் ஒளியைக் கூட்டுகிறது, பெயின்ட் ஒளியை விழுங்குகிறது. திரையில் பார்த்த மஞ்சளைக் கடையில் தேடாதீர்கள். ஒரு அட்டையில் பூசிக் காய வைத்து, அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காகிதக் கூழ் பொம்மைக்கு நான் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்ட வேண்டும். உரிந்த இடத்தில் சுண்ணாம்புத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, நன்றாகக் காய வைத்து, மெல்லிய பூச்சாக வண்ணம் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் அடிப்பாகத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

கம்ப்யூட்டருக்கு எந்த வேலை?

அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். அளவு போடுவதற்கு அது பிரமாதம். 168 செ.மீ. மனிதர் 28 மி.மீ. ஆனால், 60-ல் ஒரு பங்கு. எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, A2 கட்டத்தில் நிஜ அளவைத் தந்து, B2-ல் =A2/60 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 3 மீட்டர் யானை 5 செ.மீ. ஆகும். சுமார் 20 மீட்டர் நீளமுள்ள நம் மின்சார ரயில் பெட்டி 33 செ.மீ. வரும். 1931-லேயே மின்சார ரயில் வந்த தாம்பரத்தில் கொலு பார்க்கில் ரயில் வைக்காமல் இருக்க முடியுமா? போலீஸ்காரர் ஸ்டேஷனை விட உயரமாக நிற்கும் கூத்தும் இனி இருக்காது.

இதை விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. 28 மி.மீ. பிளாஸ்டிக் வீரனுக்கு எப்படி வண்ணம் பூசுவது என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. காஞ்சிபுரத்திலும் பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் சென்னைக் கொசப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். அவர்கள் முறையைத் தமிழில் தேடியபோது, என் குதிரையைக் காப்பாற்றும் அளவுக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் கையில் பிரஷ் இருக்கிறது, கம்ப்யூட்டர் நம் வீட்டில் இருக்கிறது. நாம் எழுதாவிட்டால் நம் பிள்ளைகளும் பிளாஸ்டிக்குக்குச் சொன்னதைப் படித்துக் காகிதக் கூழைக் கழுவுவார்கள். இன்டர்நெட்டில் இருந்து எடுத்துக் கொள்ளத்தான் நாம் பழகியிருக்கிறோம். கொஞ்சம் கொடுக்கவும் பழக வேண்டும் என்பது என் கருத்து.

இப்படித் தொடங்கலாம். 'கொலு' என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். ஒவ்வொரு பொம்மையையும் முன்புறம், பின்புறம், அடிப்பாகம் என்று மூன்று போட்டோ எடுத்துப் போடுங்கள். ஒரு ஒர்க்ஷீட்டில் பொம்மையின் பெயர், வாங்கிய இடம், வருடம், உயரம், செய்த பொருள், பூசிய வண்ணம் எல்லாம் குறித்துக் கொள்ளுங்கள். 'செய்த பொருள்' காலத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு நிரப்பி விடுங்கள். அடுத்த முறை பொம்மை வாங்கும்போது, செய்பவரிடமே முறையைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். தமிழில் டைப் செய்வது யூனிகோடில் இருக்கட்டும். தனி எழுத்துருக்களில் அடித்து வைத்தால் தேடும்போது கிடைக்காமல் போகலாம். பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள்.

எங்கள் வீட்டு ஒர்க்ஷீட்டின் முதல் வரிசையில் கீதோபதேசத் தேர் இருக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். செய்த பொருள்: காகிதக் கூழ். குறிப்பு: தண்ணீர் கூடாது. ஒரு குதிரைக்கு முன்னங்கால் புதியது, அக்கா மகன் செய்து ஒட்டினான். அந்த வரியைத் திரையில் படித்துவிட்டு, "சரி, அடுத்தது செட்டியார் பொம்மையை எழுது" என்றார் அம்மா.