ஆபரேஷன் செய்தும் நாய் மேலே ஏறுகிறதா? அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். கொருக்குப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், பத்து மாதக் குட்டி.

"சார், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சு மூணு வாரம் ஆகுது. இன்னும் தலையணை மேல ஏறுது, வர்றவங்க கால் மேல ஏறுது. தங்கச்சி வளைகாப்புல சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி மானமே போச்சு. செருப்பால அடிச்சும் பாத்துட்டோம். யாராவது எடுத்துக்குவாங்களா சார்? இல்லேன்னா ராத்திரி கூட்ஸ் யார்டு பக்கம் விட்டுடலாம்னு இருக்கோம்."

இதே பேச்சை இந்த ஒரு வருடத்தில் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். ஒன்று என் சொந்தக்காரர் வீடு. எல்லோரும் சொல்வது மூன்றே வார்த்தை: ஆபரேஷன் வீண், நாய் அசிங்கம், எங்கேயாவது விட்டுவிடலாம். மூன்றும் தப்பு.

முதலில் ஆபரேஷன். அது எதற்காகச் செய்யப்படுகிறது? ஒரு காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த நம் சென்னை மாநகராட்சி, 1996ல் கருத்தடை வழிக்கு மாறியது. 2001ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, 2023ல் அவற்றைப் புதுப்பித்தது. அந்த விதிகளின் பெயரே விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாடு விதிகள். நல்லொழுக்க விதிகள் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. குட்டி போடுவதை நிறுத்தத்தான் ஆபரேஷன். பத்து மாதத்து இளரத்தத்தை அது நிறுத்தாது.

விரையை எடுத்ததும் ஆண் ஹார்மோன் சீக்கிரமே இறங்கிவிடும். ஆனால் பழக்கம் இறங்க வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். சில நாய்களுக்கு முழுதாகப் போகவே போகாது. 1976ல் கலிபோர்னியாவில் வளர்ந்த ஆண் நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஏறும் பழக்கம் குறைந்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாய்களில்தான். மீதி நாய்கள் கெட்ட நாய்களா? இல்லை. ஏறுவதற்குக் காமம் மட்டும் காரணம் இல்லை, அவ்வளவுதான்.

சில வாரக் குட்டிகள் விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பெட்டை நாயும் ஏறும். சந்தோஷம் தாங்காமல் ஏறும், பயத்தில் ஏறும், பொழுது போகாமலும் ஏறும். "அதிகாரம் காட்டுது, கழுத்தைப் பிடிச்சு அழுத்து" என்று சொல்லும் பயிற்சியாளர்களிடம் கேளுங்கள்: தலையணையிடம் என்ன அதிகாரம் காட்டுகிறதாம்?

நம் பேட்டையில் தெருவோடு பால் மாடு வளர்ப்பவர்கள் உண்டு. பருவத்துக்கு வந்த பசுமேல் இன்னொரு பசு ஏறும். பால்காரர் அதை அசிங்கம் என்று அடிப்பதில்லை. அறிகுறி என்று எடுத்துக்கொண்டு சினை ஊசிக்கு ஏற்பாடு செய்கிறார். பள்ளிக்கூடம் போகாத அவருக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய நமக்கு ஏன் தெரியவில்லை?

அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அறிவியல் பாடம் எடுத்தவன் நான். இனப்பெருக்கப் பாடம் வந்தால் பூவின் மகரந்தச் சேர்க்கையை இரண்டு நாள் நடத்துவேன். விலங்கு வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பின் பெஞ்சில் சிரிப்பு கேட்கும், எனக்கும் கூச்சம். அன்று நான் தாண்டிய பக்கத்துக்கு இன்று கருப்பன் செருப்படி வாங்குகிறான்.

சரி, என்ன செய்வது?

தையல் ஆறும்வரை, பத்துப் பதினான்கு நாள், குதிக்கவும் ஏறவும் விடாமல் கயிற்றில் பிடித்து அமைதியாக வைத்திருங்கள். வீக்கம், ரத்தம், ஓயாமல் நக்குவது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். ஒரு மாதம் போல பருவத்தில் உள்ள பெட்டையிடம் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே உள்ளே தங்கிய விந்தால் குட்டி உண்டாகலாம். புதிதாக, அளவுக்கு மீறி ஏறினால் சிறுநீர்த் தொற்றோ தோல் அரிப்போ இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். சிரிக்கவும் சிரிக்காதீர்கள். மூன்றுமே நாய்க்கு "எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்" என்றுதான் புரியும். அடி கூடுதலாகப் பயத்தையும் கொடுக்கும். ஏறப்போகிறது என்பது முன்பே தெரியும்: சுற்றிச் சுற்றி வரும், மூச்சு வாங்கும், காலை ஒட்டி நிற்கும். அப்போதே "உட்கார்" என்று சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு துண்டு தீனி கொடுங்கள். ஏறிவிட்டால் பேசாமல் எழுந்து நகர்ந்துவிடுங்கள். விருந்தாளி வரும் முன்பே கயிறு கட்டி, கடிக்க ஏதாவது கொடுத்துவிடுங்கள். இன்னொரு நாய்மேல் ஏறி அது உறுமினால், கூப்பிட்டுப் பிரித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், நடக்க விடுங்கள். ஒரு ரூம், ஒரு சமையலறை உள்ள வீட்டில் நாள் முழுதும் கட்டில் காலில் கட்டிக் கிடக்கும் இளம் நாய்க்கு, வாசலில் ஒரு ஆள் வந்தாலே திருவிழாதான். கன்டெய்னர் லாரிகள் கிளம்பும் முன், விடியற்காலையில் அரை மணி நேரம் கூட்டிப் போங்கள். இழுக்காமல் மோந்து பார்க்க விடுங்கள்.

கடைசியாக, "விட்டுடலாம்" என்ற பேச்சு. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருடச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஆம், ஐம்பதே ரூபாய். சட்டம் உங்களைத் தடுக்காது, மனசாட்சிதான் தடுக்க வேண்டும். யார்டில் ஏற்கெனவே இருக்கிற நாய்கள் புது நாயைச் சேர்க்காது. தண்டவாளம் தாண்டத் தெரியாது. சோறு தேடவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது உங்கள் வீடு ஒன்றுதான். தெருநாயைக்கூட ஆபரேஷன் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கிறது விதி. வீட்டு நாய்க்கு அந்த நியாயம்கூட இல்லையா?

மாணவரிடம் இதையெல்லாம் சொல்லி, மூன்று மாதம் தவணை கேட்டிருக்கிறேன். "சரி சார்" என்றார், பாதி மனதாகத்தான். நேற்று வரை கருப்பன் வீட்டில்தான் இருக்கிறான். தலையணை மேல் இன்னும் ஏறுகிறானாம். ஏறட்டும், தலையணைக்கு வலிக்காது.

யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தத் தடவை பக்கத்தைப் புரட்ட மாட்டேன்.