மாலை விசுவேசுவரய்யாவுக்கு, வெடி அணைக்கு!

ஆண்டுதோறும் செப்டம்பர் 15 அன்று மைசூருவில் விசுவேசுவரய்யா சிலைக்கு மாலை சூட்டப்படுகிறது. பொறியாளர் நாள் மேடைகளில் கிருஷ்ணராஜசாகர் அணையின் புகழ் பாடப்படுகிறது. இளம் பொறியாளர்களுக்கு அறநெறி போதிக்கப்படுகிறது. 1911இல் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் கல்லும் சுர்க்கிச் சாந்தும் சுமந்து எழுப்பிய அணை அது. அதற்கு இன்று நேர்ந்துள்ள ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை மேடைகள் பேசுவதில்லை.

அணைக்கு அருகே, பாண்டவபுரம் வட்டத்தில் உள்ளது பேபி பெட்டா. அங்குள்ள கல்குவாரிகளில் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2018 செப்டம்பரில் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் கருவிகள் அணைப் பகுதியில் அதிர்வுகளைப் பதிவு செய்தன. குவாரி வெடிப்பால் அணைக்குத் தீங்கு நேரலாம் என்று மையம் எச்சரித்தது. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் 20 கிலோமீட்டர் சுற்றளவில் குவாரிப் பணிகளுக்குத் தடை விதிக்க 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசைத் தடுத்தது அறியாமையா, குவாரி முதலாளிகளின் செல்வாக்கா?

அதே 2024, ஆகஸ்ட் 10 இரவு. துங்கபத்திரா அணையின் 19ஆம் மதகின் சங்கிலி அறுந்தது. மதகை வெள்ளம் அடித்துச் சென்றது. எழுபது ஆண்டுகள் பழமையான அணை அது. பாய்ந்தோடும் நீரின் நடுவே உயிரைப் பணயம் வைத்துத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் தற்காலிகத் தடுப்பை இறக்கினர். அதன் பின்னரே 33 மதகுகளையும் மாற்ற வேண்டும் என்ற நிபுணர் குழுவின் பரிந்துரை வந்தது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு இல்லை. ஆகவேதான் அதற்கு நிதியும் இல்லை.

“எல்லாம் மனிதத் தவறு” என்பார்கள் முதலாளித்துவ அறிஞர்கள். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அணை தாங்க வடிவமைக்கப்பட்ட அளவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. கணக்குப் பிழைத்தது உண்மையே. ஆனால் அப்பிழையை ஆராய அமைத்த விசாரணை ஆணையத்தை, பணி முடியுமுன்பே கலைத்தது யார்? பொறியாளர்கள் அல்லர், ஆட்சியாளர்கள். போபாலில் பாதுகாப்புக் குறைகளை யூனியன் கார்பைடின் சொந்த ஆய்வுக் குழுவே 1982இல் பட்டியலிட்டது. இருந்தும் 1984 டிசம்பர் இரவில் நச்சுவாயுத் தொட்டியின் குளிரூட்டும் கருவி நிறுத்தப்பட்டே இருந்தது. செலவைக் குறைத்தவர்கள் தப்பினர். உழைக்கும் மக்கள் மாண்டனர்.

இவ்வரலாறு பொறியாளர்களுக்குத் தரும் பாடம் தெளிவானது. எச்சரிக்கை எழுதும் அறிவு மட்டும் போதாது. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் வேண்டும். அவ்வதிகாரம் தனிமனித அறநெறியால் கிட்டாது. அமைப்பாகத் திரண்ட வலிமையால் கிட்டும். பேபி பெட்டாவில் சோதனை வெடிவைப்புக்கு ஏற்பாடு நடந்தபோது எதிர்த்து நின்றவர்கள் மண்டியா விவசாயிகள். பொறியாளர்களின் இயல்பான தோழர்கள் அவர்களே.

கண்ணம்பாடி அணையைத் தாண்டிய காவிரி மேட்டூர் வழியே டெல்டாவை அடைகிறது. நீர்ப் பங்கீட்டில் கன்னட, தமிழ் விவசாயிகளை மோதவிட்டு வாக்குப் பறிக்கும் கட்சிகள், அணையின் பாதுகாப்பில் இருவருக்கும் பொதுநலன் உண்டு என்பதை மறைக்கின்றன. அணை ஆய்வறிக்கைகள் யாவும் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். மதகுகளைக் காக்கும் பணியில் ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட வேண்டும். ஆபத்தைச் சொல்லும் பொறியாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். விசுவேசுவரய்யாவின் அணைக்குத் தேவை மாலை அன்று. இக்கோரிக்கைகளுக்கான இரு மாநில உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட போராட்டம்.