காசு இருந்தாத்தான் பாதுகாப்பா?

இரவு இரண்டு மணிக்குக் கட்டுநாயக்காவில இறங்கி வெளியில வந்தா, "எங்க போகணும்?" எண்டு நாலு பேர் சுத்தி நிப்பினம். அதனால்தான் வெள்ளவத்தை ஹொட்டலுக்கு முதலே வாகனம் புக் பண்ணுறம். "காசுக்காரர்" எண்டு வீட்டில பகிடி. ஆனால் சிங்களம் தடக்குகிற, தனியா வாற எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு அது ஆடம்பரம் இல்லை. வாகன இலக்கமும் பேசின கட்டணமும் போனில இருக்கிறதே ஒரு துணை. அதிவேகப் பாதைக் காசு, பிளைட் பிந்தினா காத்திருக்கிற காசு இரண்டையும் முதலே கேட்டு எழுத்தில வாங்குங்கோ.

187 பஸ்ஸில போறவைக்கும் இந்தப் பாதுகாப்பு வேணும். 2013இல் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதையைத் திறந்த நாட்டுக்கு, ஒரு பெண் நடுச்சாமத்தில் பயமில்லாமல் ஏறி இறங்கக்கூடிய பஸ் பெரிய காரியமா? புக் பண்ணுவம், அதோடு கேட்கவும் செய்வம்.