விஞ்ஞான விளக்கம்: தாமதம் தங்கும் இடம் எது?



“நெட் இல்லை, நாளை வாருங்கள்” என்னும் சொற்களை நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்தில் கேளாதார் இலர். அதைக் கேட்டுத் திரும்பும் ஏழைக்கு ஒரு நாட்கூலி போய்விடுகிறது. கடை வைத்திருக்கும் அன்பர்களோ, கணக்கு மென்பொருள் நகரவில்லையென்று இணைப்புக்கு மேலும் பணம் கட்டுகின்றனர். ஆயினும் பயன் காண்பதில்லை. நோய் இருக்குமிடம் அறியாது மருந்துண்பதை ஒக்கும் இது. ஆதலின், பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் மந்தமாவதன் காரணத்தை இத்திங்கள் ஆராய்வோம்.

தாமதத்திற்குத் தூரமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 20 கிலோமீட்டர். அதைக் கடக்க ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே போதும். காலம் கழிவது வழியில் காத்து நிற்பதிலும், திரும்பத் திரும்பப் போய் வருவதிலுமே.

ஒரு மேசையிலுள்ள கணிப்பொறியில் கணக்குக் கோப்பை வைத்து, மற்ற மேசைகளிலிருந்து அதைத் திறக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அம்மென்பொருள் கோப்பைச் சிறுசிறு துண்டுகளாகவே கேட்டு வாங்கும். ஒரு பட்டியலுக்கு 5,000 நடை வேண்டுமெனக் கொள்வோம். கம்பி வழியில் நடைக்கு ஒரு மில்லி வினாடி எனில் 5 வினாடியில் முடியும். சுவர் கடந்து வரும் வைஃபையில் நடைக்கு 10 மில்லி வினாடி எனில் 50 வினாடி ஆகும். இந்த நடை முழுவதும் கடைக்குள்ளேயே நிகழ்வதால், வெளி இணைப்பின் வேகத்தை இருமடங்காக்கினும் ஒரு வினாடியும் குறையாது.

குற்றத்தைக் கண்டறிய நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, மந்தம் ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமெனில் அவருடைய கணிப்பொறியையோ கம்பியையோ ஐயுறுக.

இரண்டாவது, கோப்பு உள்ள கணிப்பொறியிலேயே அமர்ந்து அதைத் திறந்து பார்க்க. அங்கும் மந்தமெனில் வலையமைப்பின்மேல் பழியில்லை. பழைய வட்டோ, திறக்குந்தோறும் கோப்பைத் துருவும் வைரஸ் தடுப்பு மென்பொருளோ காரணமாகலாம்.

மூன்றாவது, வைஃபையை விட்டுக் கம்பியில் இணைத்துப் பார்க்க. கம்பியும் குற்றமற்றதென்று கொள்ளற்க. அதனுள் 4 ஜோடி இழைகள் உள்ளன. 1,000 மெகாபிட் வேகத்திற்கு நான்கும் வேண்டும். ஒன்று பழுதானால் பல கருவிகள் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடும். வேலை நிற்காமையால் பழுதை எவரும் அறியார். கம்பி 100 மீட்டருக்கு மேற்படவும் கூடாது.

நான்காவது, ‘பிங்’ என்னும் கட்டளையை முதலில் ரூட்டருக்கும், பின்னர் வெளித்தளம் ஒன்றிற்கும் அனுப்புக. ரூட்டரே தாமதித்து விடை தந்தால் குற்றம் உள்ளே. வெளித்தளம் மட்டும் தாமதித்தால் இணைப்புத் தந்தவரைக் கேட்க வேண்டும். இரண்டும் விரைந்து விடை தந்தும் மென்பொருள் மட்டும் தயங்கினால், சர்வரில் நெரிசல் உண்டென்று ஊகிக்கலாம்.

அரசு அலுவலகங்களுக்கும் இம்முறையே பொருந்தும். கேரள நகராட்சிகளில் 2024 ஜனவரி 1 முதலும், ஊராட்சிகளில் 2025 ஏப்ரல் முதலும் கே-ஸ்மார்ட் வந்துள்ளது. அதன் ஆவணங்கள் மாநிலம் முழுமைக்கும் பொதுவான அமைப்பில் உள்ளன. அங்கே நெரிசல் எனில், பாறசாலையில் கம்பியை மாற்றிப் பயனில்லை. பாறசாலையில் மட்டும் மந்தமெனில், தலைநகரைக் குறை கூறிப் பயனில்லை. 1956 நவம்பர் 1இல் வகுத்த எல்லை இங்கும் உண்டு. களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்நாட்டு இ-சேவை மையம் நாடுவது வேறு சர்வர். அங்கே வேலை நடப்பதைக் காட்டி இங்கே வாதிடலாகாது.

ஆகவே, இனி “நெட் இல்லை” என்ற விடை வந்தால், “ஐயா, இந்த மேசையில் மட்டுமா, அலுவலகம் முழுவதுமா, மாநிலம் முழுவதுமா?” என்று பணிவுடன் கேளுங்கள். மேசையில் மட்டுமெனில் அடுத்த மேசைக்குச் செல்லலாம். அலுவலகத்தில் எனில் அருகிலுள்ள அக்ஷயா மையத்தை நாடலாம். மாநிலம் முழுவதும் எனில் வீடு திரும்பலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம்மவர், கே-ஸ்மார்ட்டில் உள்ள சேவைகளுக்கு இருந்த இடத்திலிருந்தே, நெரிசல் குறைந்த வேளை பார்த்து விண்ணப்பிக்கலாம். ஊரிலுள்ள முதியவரை வரிசையில் நிறுத்தாதிருக்க இஃது உதவும்.