மூக்கில் இருப்பதெல்லாம் நோயா?

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஒன்றரை வயதுப் பேரனுக்கு நிமோனியா. வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். முடிவு அது.

"ரைனோ வைரஸாம். 33ன்னு போட்டிருக்காவ. ரொம்பக் கூடுதலோ அண்ணாச்சி?"

மக்காச்சோளம் விற்ற காசு அந்தக் காகிதமாக மாறியிருந்தது.

நான் டாக்டர் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, கடைசியில் பசுவந்தனையில் ஒதுங்கிய குமாஸ்தா. பள்ளியில் பாஸ்தரின் பெருமையை மனப்பாடம் செய்தவன்; கிருமி ஆராய்ச்சிக்கு எதிரியும் அல்ல. ஆனால் கணக்கு தெரியும். அந்த 33, வைரஸின் எண்ணிக்கையே அல்ல. மரபணுப் பொருளை எத்தனை சுற்று பெருக்கியபின் கருவிக்குத் தெரிந்தது என்பதுதான். சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே எண் கூடினால் வைரஸ் குறைவு! 23க்கும் 33க்கும் சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். குச்சியைச் சரியாகத் தேய்க்காவிட்டாலும் எண் மாறும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் ஆள் வந்தான் என்று பொருள். வேலை பார்த்தான் என்று பொருளா? எங்கள் அலுவலகத்தைக் கேளுங்கள், சொல்லும்.

வங்கதேசம் உட்பட 7 நாடுகளில் நடந்த 'பெர்ச்' ஆய்வு, கடும் நிமோனியா கண்ட 4,232 பிள்ளைகளையும் நிமோனியா இல்லாத 5,119 பிள்ளைகளையும் ஒப்பிட்டது. முடிவு 2019இல் 'லான்செட்' இதழில் வந்தது. முதல் குற்றவாளி ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், ஏறக்குறைய 31 சதவீதம். ரைனோ வைரஸோ நிமோனியா இல்லாத பிள்ளைகளின் மூக்கிலும் தாராளமாக இருந்தது. வைரஸின் அளவை வைத்துப் பிரிக்கலாமா என்றும் பார்த்தார்கள். இரு தரப்பையும் நன்றாகப் பிரிக்கும் கோடு கிடைக்கவில்லை.

எந்தத் தடுப்பூசி வேண்டும் என்று தீர்மானிக்க இந்த அளவீடு உதவும். ஏழைச் சம்சாரியின் பையில் கைவிட உதவக்கூடாது. வைரஸ் தெரிந்ததால் பாக்டீரியா இல்லை என்றாகிவிடாது. அந்தப் பையனுக்கு முடிவு வருமுன் ஓடிய ஆன்டிபயாடிக்தான் வந்தபின்னும் ஓடியது. பிறகு எதற்குச் சோதனை?

உயிர் காப்பவை வேறு. சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஆக்சிஜனும் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தவறவிடாதீர்கள்.

பையன் இப்போது தெருவில் ஓடுகிறான். வைரஸ் இன்னும் மூக்கில் இருக்கலாம், யாருக்குக் கவலை? அடுத்த முறை குச்சியோடு வருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த முடிவு வந்தால் மருந்து மாறுமா?"