நாடக டீச்சருக்கு வருஷத்துக்கு எத்தனை மாசம்?



"ஆண்டு விழாவுக்கு ஒரு மாசம் வேலை. மீதி பதினோரு மாசம் சும்மாதானே இருப்பீங்க?" சொந்தக்காரங்க, எதிர்வீட்டு அக்கா, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்கன்னு இந்த வருஷம் இதைக் கேக்காத ஆள் இல்லை. சிரிச்சு சமாளிச்சாச்சு. ஜூன்ல இருந்து மே வரைக்கும் ஓடின ஓட்டத்தை உக்காந்து கொசுவத்தி சுத்திப் பார்த்ததுல, இதுக்கு விவரமாவே ஒரு பதில் சொல்லிடலாம்னு தோணுச்சு.

நமக்குக் குடியிருப்பு தேனி. வாரத்துல ரெண்டு நாள் கம்பம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், ரெண்டு நாள் தேனியிலேயே இன்னொண்ணு, சனிக்கிழமை சின்னமனூர்ல பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. ரங்கமணிக்கு போடியில ஏலக்காய் கடையில கணக்கு எழுதுற வேலை. ஏலக்காய் வரத்து மும்முரமா இருக்கிற மாசமும் என் ஒத்திகை மாசமும் கரெக்டா ஒண்ணா வந்து நிக்கும். அந்த நாள்ல எங்க வீட்டு ரசத்தைச் சாப்பிட்டவங்க தியாகிங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஜூன், ஜூலையில நம்ம பள்ளத்தாக்குல அடிக்கிற காத்து தெரியும்ல? மேற்கு மலையில இருந்து இறங்கி ஆளையே தள்ளும். பிள்ளைகளை அந்தக் காத்துல நிறுத்திப் பேச வைக்கிறதுதான் எனக்கு முதல் பாடம். கத்தக் கூடாது, ஆனா கடைசி ஆளுக்குக் கேக்கணும். ரெண்டு மாசம் இதேதான். மூச்சு, நடை, அடுத்தவன் பேசி முடிக்கிற வரைக்கும் காது குடுக்கிறது. ஆகஸ்ட்ல இருந்து, பார்த்ததை நடிச்சுக் காட்டுறது. மழை மாசத்துல கதையைச் சேர்த்துக் கட்டுறது. ஆண்டு விழா மேடையில நீங்க பாக்கிற இருபது நிமிஷம் இதோட நுனி.

இதுக்கு நம்ம ஊர் மேடையிலேயே சாட்சி இருக்கு. ஸ்பெஷல் நாடகத்துல வள்ளியா வர்றவங்க ஒரு ஊரு, முருகனா வர்றவரு இன்னொரு ஊரு, ஆர்மோனியக்காரர் வேற ஊரு. அன்னைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னாடிதான் சந்திப்பாங்க. ஒத்திகையே கிடையாது, ஆனா விடிய விடிய நாடகம் நடக்கும். எப்படி? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் குடுத்த பாட்டும் வசனமும் வருஷக்கணக்கா அவங்க தொண்டையில ஊறிக் கிடக்கு. சுவாமிகள் 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினப்ப, பையன்கள் அங்கேயே தங்கி, தின்னு, தூங்கி, நாள் பூரா கத்துக்கிட்டாங்க. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவங்கதான். வாத்தியார்னா அப்ப வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசமும் வாத்தியார்தான்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? சுவாமிகள் கல்யாணம் பண்ணிக்கலை. கம்பெனிதான் அவருக்கு வீடு. எனக்கு அந்த வசதி இல்லை சாமி! காலையில டிபன் பாக்ஸ் கட்டிட்டு, அத்தைக்கு மாத்திரை எடுத்து வச்சிட்டு, கம்பம் பஸ்ஸைப் பிடிக்கணும். நாடகம் சொல்லிக் குடுக்கிற ஆம்பளைக்குக் கல்யாணம் ஆயிருந்தா, "கலைஞருப்பா, குடும்பத்தையும் பாத்துக்கிட்டு கலையையும் விடலை பாரு"ன்னு பெருமையாச் சொல்வாங்க. பொம்பளையா இருந்தா அதே வாய், "கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தக் கூத்து எதுக்கும்மா?"ன்னு கேக்கும்.

இது புதுசும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைஸர் தொண்ணூறுகள்ல மதுரையில தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோட பழகி எழுதின புத்தகம் 2005-ல வந்துச்சு. மேடையில ஆடிப் பாடுற பெண்கள், மேடையை விட்டு இறங்கினதும் தாங்களும் குடும்பப் பெண்கள்தான்னு காட்டிக்க எவ்வளவு கவனமா நடந்துக்க வேண்டியிருக்குன்னு அதுல விரிவா எழுதியிருக்காங்க. ராத்திரி பூராவும் ஊரே கை தட்டும். விடிஞ்சதும் அதே ஊரு ஒரு மாதிரியாப் பாக்கும். நான் மேடை ஏறுறவ இல்லை, சொல்லிக் குடுக்கிறவ. இருந்தும் அந்தப் பார்வையில ஒரு துளி எனக்கும் வருது. மேடையில நின்ன அந்த அக்காமாருக்கு எவ்வளவு வந்திருக்கும்னு யோசிச்சா, என் கஷ்டத்தைச் சொல்லவே கூச்சமா இருக்கு.

இந்த வருஷத்துப் பெரிய சண்டைக்கு வர்றேன். ஜனவரி 15, பென்னிகுவிக் பிறந்த நாள். பொங்கலும் அவரும் நம்ம பள்ளத்தாக்குல சேர்ந்தேதான் வருவாங்க. 1895-ல முடிஞ்ச முல்லைப் பெரியாறு அணை இல்லைன்னா இங்க வயல் ஏது, திராட்சை ஏது? ஆண்டு விழாவுக்கும் அவர் கதைதான்னு ஒரு பள்ளிக்கூடத்துல முடிவாச்சு. எனக்கும் சந்தோஷம். ஒத்திகையில ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கேட்டான்: "மிஸ், எல்லாரும் துரையைப் பத்தியே பேசுறோம். காய்ச்சல்ல செத்தவங்களா யாரு நடிக்கிறது?"

நல்ல கேள்வியா இல்லையா? மலேரியாவும் காலராவும் நூத்துக்கணக்கான கூலியாட்களைக் கொண்டு போன காடு அது. மணிமண்டபத்துல துரைக்குச் சிலை இருக்கு. கல்லு சுமந்தவங்க பேரு எத்தனை நமக்குத் தெரியும்? அன்னையில இருந்து நாடகம் மாறிப்போச்சு. துரை ஒரு ஓரத்துல, கல்லு சுமக்கிறவங்க நடுவுல. ஒவ்வொரு பிள்ளையும் தான் சுமக்கிற ஆளுக்கு ஒரு பேரு வச்சு, ஒரு வரியாவது பேசணும்னு பேச்சு.

அப்பதான் நிர்வாகத்துல இருந்து ஓலை வந்துச்சு. வசனத்தை ஸ்டுடியோவுல பெரியவங்க குரல்ல பதிவு பண்ணி ஓட விடுவாங்களாம். பிள்ளைங்க வாயசைச்சா போதுமாம். பேசுனா தப்பு வருமாம், வீடியோவுல நல்லா இருக்காதாம். அவ்வ்வ்வ்!

ஜூன்ல இருந்து காத்துல நின்னு குரல் எடுத்த பிள்ளைகளை ஊமையாக்கிக் காட்டவா நான் போனேன்? தப்பு வந்தா வரட்டும், பிள்ளைங்க பேசட்டும்னேன். ஒத்துக்கலை. விலகிட்டேன். ஆண்டு விழா அமர்க்களமா நடந்துச்சுன்னு கேள்வி. அடுத்த ஜூன்ல அந்த ரெண்டு நாள் வேலை எனக்குக் கிடையாது. மாச வருமானத்துல கிட்டத்தட்ட பாதி. ரங்கமணிகிட்ட சொன்னப்ப நோட்டை மூடி வச்சிட்டு, "கணக்கு இடிக்குது. ஆனா சரக்கு நல்ல சரக்கு"ன்னார். ஏலக்காய் கடைக்காரர் வாயில இருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அத்தையும் ஒண்ணும் சொல்லலை. ஆனா சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைங்க நடிச்சுக் காட்டினப்ப, கூப்பிடாமலே வந்து முன்வரிசையில உக்காந்துட்டாங்க. அங்க துரை கிடையாது. அவங்கவங்க வீட்டுல நடக்கிற ஒரு காலை நேரம், அதுதான் நாடகம். ஒரு பொண்ணு தன் அம்மாவா நடிச்சா. இருட்டுலேயே எந்திரிச்சு, சோத்தைத் தூக்குவாளியில அடைச்சு, கேரளா ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புக்கு ஓடுற அம்மா. வாசல்ல ஒரு நிமிஷம் திரும்பி நின்னு, "ஏத்தா, உள்ள தாப்பாப் போட்டுக்க"ன்னா. அவ்வளவுதான் வசனம். பின்னாடி உக்காந்திருந்த தாய்மாருல பாதிப் பேரு தினமும் அந்த ஜீப்புல போறவங்க. ஒரு சத்தம் இல்லை. அத்தை முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "நாங்களும் அந்த வண்டியில போனவகதான்"னாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதை என்கிட்ட சொன்னதே இல்லை.

நான் சொல்ல வர்றது இதுதான். நாடகத்தை நாம கறிவேப்பிலை மாதிரி வச்சிருக்கோம். தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கத்துக்கு ஆள் சேர்க்கணுமா, கூப்பிடு வீதி நாடகத்தை. 2021-ல இல்லம் தேடிக் கல்வியை ஊருக்குச் சொல்லணுமா, கூப்பிடு கலைக்குழுவை. காரியம் முடிஞ்சா இலை ஓரத்துல ஒதுக்கிடு. 2005 தேசியக் கலைத்திட்டமே கலையை எல்லாப் பிள்ளைக்கும் பாடமா வைக்கணும்னு சொல்லிருச்சு, நாடகத்தையும் சேர்த்துத்தான். நம்ம பக்கத்துக் காந்திகிராமத்துல பேராசிரியர் சே. இராமானுஜம் எழுபதுகள்லயே நாடகத்தையும் கல்வியையும் சேர்த்து யோசிச்சிருக்கார். ஆனா 2012-ல அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தப்ப உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வின்னு பிரிச்சு எடுத்தாங்க. நாடகத்துக்குன்னு ஒரு பிரிவு இல்லை.

2022-ல இருந்து அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழா நடத்துறாங்க. மனசாரப் பாராட்டணும். ஆனா அது போட்டி. போட்டின்னா வகுப்புல நல்லாப் பேசுற அஞ்சு பேரு மேடைக்குப் போவாங்க, பேசவே பயப்படுற முப்பத்தஞ்சு பேரு கை தட்டுவாங்க. நாடகம் தேவைப்படுறது அந்த முப்பத்தஞ்சு பேருக்குத்தான். வாரம் ஒரு பீரியட், எல்லாப் பிள்ளைக்கும், பரிசும் வேண்டாம் மார்க்கும் வேண்டாம். கேக்கிறது இவ்வளவுதான்.

வர்ற ஜூனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டாலும் மூணு விஷயம் முதல்லயே பேசிக்கப் போறேன். பதிவு பண்ணின குரல் கிடையாது. ஆண்டு விழாவுக்கு மட்டும்னா வரமாட்டேன். வகுப்புல இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரியாவது இருக்கணும். ஒத்துக்கிட்டா சம்பளம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லை. ஒத்துக்கலைன்னா சின்னமனூர் சனிக்கிழமை இருக்கவே இருக்கு. இப்பவே புதுசா ஒன்பது பிள்ளைங்க பேரு குடுத்திருக்காங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பிள்ளை ஆண்டு விழாவுல நடிச்சிருந்தா, அது சொந்தக் குரல்ல பேசுச்சா, வாயசைச்சுதான்னு கேட்டுப் பாருங்க. வாயசைப்புன்னா, அடுத்த பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்டா வேலை போகுது, நீங்க கேட்டா போகாதுல்ல!